தவனாவின் முழங்கை இப்போது யார் வீட்டில்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சின்னச் சிரிப்பு இல்லை. தாமான் செம்பாக்கா என்கிற குடியிருப்பின் நாற்பத்தெட்டு வீடுகளும் கதவு ஜன்னலெல்லாம் திறந்துபோட்டு ஒரே மூச்சில் சிரித்த சிரிப்பு, வாய்க்காலோரத்து மைனாக்கள் பயந்து பறந்துபோய் மூன்று நாள் திரும்பி வராத சிரிப்பு. அதை இப்போதே இறக்கி வைத்துவிடலாம்தான். ஆனால் சீன வைத்தியர் லிம் சின்சேயின் மருந்து, மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாக வற்றும்வரை அடுப்பைவிட்டு இறங்கக் கூடாது. அவசரப்பட்டு இறக்கினால் வெறும் கசப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். சிரிப்பும் அப்படித்தான். இப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறேன். மூன்று கிண்ணமும் முழுசாக இருக்கிறது. உட்காருங்கள்.

கோமளேஸ்வரிக்குப் பதினாறு வயது, தாமானில் எல்லோருக்கும் கோமு, அவள் தொண்டைக்குள் அந்தத் தாமானே குடியிருந்தது. ரோஸ்மேரி டீச்சர் மூக்கால் இழுத்துப் பேசுவதும், கோயில் செயலாளர் திரவியம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மூன்று தடவை தொண்டையைச் செருமுவதும், ரொட்டி பாயின் மோட்டார் சைக்கிள் ஹாரன் கடைசியில் ஈனமாய் இறங்குவதும், எதிர்வீட்டு நாய் கனவு கண்டு முனகுவதும் எல்லாம் அவளுக்கு வரும். ஒரு ஆடித் திருவிழாவில் செயலாளரின் குரலில் ஒலிபெருக்கியைப் பிடித்து, "க்ரும், க்ரும், க்ரும், பொங்கல் தீர்ந்துவிட்டது, பக்தர்கள் வீட்டுக்குப் போகலாம்" என்று அறிவித்துவிட்டு, கூட்டம் முனகிக்கொண்டே கலைந்த பின்னால் முழு அண்டாச் சர்க்கரைப் பொங்கலுக்கு முன்னே சம்மணம் போட்டு உட்கார்ந்து முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றவள் அவள். ஏமாந்தவர்களும் அடுத்த வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், ஏனென்றால் கோமு அடுத்த வீட்டுக்காரரை ஏமாற்றும்போது பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

அவளுக்கு வராத குரல் ஒன்றே ஒன்றுதான். அவளுடைய அம்மாவின் குரல். அம்மா எட்டு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூருக்கு விமானம் கழுவும் வேலைக்குப் போனாள். போகிற அன்று வாசலில் நின்று, "தவனாவுக்கு உடம்பு நல்லாகட்டும், கன்னம் கழுத்தெல்லாம் சுத்தமாகட்டும், அப்ப வந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொன்னாள். சொன்ன வார்த்தை கோமுவுக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது, சொன்ன குரல்தான் மறந்துவிட்டது. நண்பர்கள் கேட்டால், "அதெல்லாம் ரொம்ப ஈசி, எனக்குத்தான் மூடு இல்ல" என்று தோளைக் குலுக்கிவிட்டு நாயாக முனகிக் காட்டுவாள்.

அக்கா தவனேஸ்வரிக்கு இருபத்திரண்டு. அவளுக்கு ஏழு இடத்தில் கரப்பான் என்கிற தோல்படை. இரண்டு முழங்கை, இரண்டு முழங்காலின் பின்பக்கம், இரண்டு கையும் சேர்ந்தது ஒன்று, கழுத்து ஒன்று, முகம் ஒன்று. இடது முழங்கையில் இருந்தது வவ்வால் மீன் மாதிரி, வாலோடு, செதிலோடு இருக்கும். கழுத்தில் இருந்தது வாசலில் கட்டிய தோரணம் மாதிரி. வேர்த்தால் அரிக்கும், வேர்க்காவிட்டாலும் அரிக்கும். படுக்கும்போது கையில் காலுறையை மாட்டிக்கொண்டுதான் படுப்பாள். தவனா அதிகம் பேசமாட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கச்சி நாற்பத்தெட்டு குரலில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே சொறிவாள். அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வருவார், வந்தால் தூங்குவார்.

களிம்பெல்லாம் பூசிப் பார்த்து ஓய்ந்துபோய், பஸ் ஏறி இருவரும் பட்டணத்து லிம் சின்சே கடைக்குப் போனார்கள். சின்சே ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு பிறந்து வளர்ந்தவர், தமிழில் திட்டினால் தமிழர்களே காதைப் பொத்திக்கொள்வார்கள். சுவர் முழுக்க சின்னச் சின்ன இழுப்பறை, நடுவில் கைத்தராசோடு சின்சே. தவனாவின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாக்கை நீட்டு."

தவனா நீட்டினாள்.

"உள்ள ஈரமும் சூடும் சேர்ந்து கெடக்கு. காத்து வேற அதை ஊதி வுடுது. அதான் அரிப்பு. எறால், நண்டு, வாத்துக் கறி, இந்த மூணு பக்கமும் தலைவச்சுப் படுக்காத."

கேட்காமலே கோமுவும் நாக்கை நீட்டினாள். சின்சே கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஆமோய், உனக்கு நாக்குல நோய் இல்ல. நாக்கேதான் நோய்."

இழுப்பறைகளைத் திறந்து வேரும் பட்டையும் பூவும் அதிமதுரமுமாக அள்ளி அள்ளி ஏழு இளஞ்சிவப்புத் தாளில் கொட்டினார். கடைசியில் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி சில்வண்டுக் கூடு போட்டார். சில்வண்டு மரத்தில் கழற்றிப்போட்டுவிட்டுப் போகும் சட்டை, கால் நகம் முதல் கண் முட்டை வரை அப்படியே இருக்கும், உள்ளே மட்டும் யாரும் இருக்கமாட்டார்கள். கடைக்கு வந்தவர்கள் தன் கழுத்தைப் பார்த்தார்கள் என்று தவனா வெளியே போய் நின்றுகொண்டாள். கோமு ஒரு கூட்டை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"காய்ச்சி வடிகட்டின கசடை என்னா செய்யிறது சின்சே?"

"குப்பையில போடு. எங்க தாத்தா காலத்துல முச்சந்தியில கொட்டுவாங்க. மிதிச்சவன் காலோட நோயும் போயிடும்னு."

"நெசமாவா?"

"சும்மா பழைய ஆளுங்க பேச்சு. உங்க ஆளுங்க பூசணிக்கா ஒடைக்கிறதில்ல? அந்த மாதிரி."

அன்று சாயங்காலம் தவனாவின் கைபேசி அடித்தது. கூப்பிட்டது கோமுதான்; துணி காயப்போடும் இடத்தில் நின்று, தன் எண்ணை மறைத்துக்கொண்டு, வாயில் இரண்டு புளிப்புப் பழத்தை அடக்கிக்கொண்டு சின்சே குரலில் பேசினாள்.

"ஹலோ, தவனேஸ்வரியா? லிம் சின்சே. ஒன்னு சொல்ல மறந்துட்டேன். கசடைக் குப்பையில போட்றாத. தலையில துண்டு போட்டுக்க, சட்டியை ரெண்டு கையால புடிச்சுக்க, முழங்காலைத் தூக்கித் தூக்கி நட. முச்சந்தி நடுவுல கொட்டிட்டு திரும்பிப் பாக்காம வா. திரும்பிப் பாத்தா மருந்து கோவிச்சுக்கும்."

மறுநாள் காலை, தாமான் மொத்தமும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்புகிற நேரத்தில், தவனா தலையில் பச்சைத் துண்டோடு, கையில் ஆவி பறக்கும் சட்டியோடு, கொக்கு மாதிரி முழங்காலைத் தூக்கித் தூக்கி முச்சந்திக்கு நடந்து போனாள். கோமு சுவருக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையன்கள் மூன்று பேரையும் கூட்டிவைத்துக்கொண்டு சிரித்தாள். இல்லை, சொன்னேனே, அந்தச் சிரிப்பு இது இல்லை. இது வெறும் நுரை. கீழே தண்ணீர் இன்னும் கொதிக்கவேயில்லை.

ரோஸ்மேரி டீச்சர் அவசரத்தில் கசடை மிதித்துக்கொண்டே காருக்குப் போனார். சப்பாத்துப் போட்டிருந்தார், பிரயோஜனமில்லை. மத்தியானத்துக்குள் அவர் இடது முழங்கையில் வவ்வால் மீன் வந்து உட்கார்ந்திருந்தது, வாலோடு, செதிலோடு. தவனாவின் முழங்கை பச்சைக் குழந்தையின் முழங்கை மாதிரி ஆகியிருந்தது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. "சீன மருந்து கேக்கும்னு நான் சொல்லலை?" என்றார்கள். டீச்சரைப் பார்க்க வந்தவர்கள் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தவனாவோடதேதான், அதே வாலு, ஒரு செதில் மாறலையே" என்று மெச்சினார்கள். டீச்சர் மூக்கால் அழுதார், அந்த அழுகை கோமுவுக்கு அன்றைக்கே படிந்துவிட்டது.

ஆனால் அன்றிரவு கோமு சிரிக்காமல் விரல்விட்டு எண்ணினாள். ஒரு பொட்டலத்துக்கு ஓர் இடம். ஏழு பொட்டலம். ஏழும் போனால் முகம் கழுத்தெல்லாம் சுத்தம். முகம் கழுத்தெல்லாம் சுத்தமானால் அம்மா. தவனாவின் முழங்கையைப் படம் பிடித்து அம்மாவின் எண்ணுக்கு அனுப்பினாள். ஒற்றைக் குறி விழுந்தது, இரட்டைக் குறி விழவில்லை, அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த பொட்டலத்திலிருந்து அவள் தற்செயலை நம்பவில்லை. முச்சந்தியோரத்தில் ஆளுயர மின்சாரப் பெட்டி ஒன்று உண்டு. தவனா கொட்டிவிட்டுப் போனதும் கோமு அதன் பின்னால் நின்றுகொண்டு, யாருக்கு எந்தக் குரல் என்று பார்த்துப் பார்த்துக் கூப்பிட்டாள். செயலாளர் திரவியத்தை நகராட்சி அதிகாரி குரலில் கூப்பிட்டாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்து, ஆளைக் காணாமல் கசடு மேலேயே நின்று மூன்று தடவை செருமினார், சாயங்காலம் கழுத்தில் தோரணம் கட்டியிருந்தது. இரண்டாவது வரிசைப் பெண்ணைக் காதலன் குரலில், சமையல்காரம்மாவைப் பூனைக் குரலில், கடைக்காரரைக் கடைக்காரரின் குரலிலேயே, "யாருடா அது என் கடையில?" என்று கூப்பிட்டாள்.

தவனாவின் கை இரண்டிலும் இருந்ததை வாங்கிக்கொள்ளக் கிழவர் சன்னாசி. மகன் ஆஸ்திரேலியாவுக்குப் போய் பதினொரு வருஷம், கிழவர் தினம் காலையில் சவரம் செய்துகொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். அந்த மகன் குரல் கோமுவுக்குச் சின்ன வயதில் கேட்டது, ஆனாலும் வந்தது.

"பா! வந்துட்டேன் பா! காடி இங்கேயே நிக்கிது!"

கிழவர் ஓடினார். சிலிப்பர் ஒன்று கேட்டிலும் ஒன்று சாக்கடையிலும் விழ, வெறுங்காலோடு, வேட்டி அவிழ அவிழ ஓடினார். முச்சந்தியில் நின்று மூன்று சாலையையும் பார்த்தார். மூன்று சாலையிலும் காருமில்லை, யாருமில்லை. மைனாக்கள் மட்டும் இருந்தன.

நாலு நாள் கழித்து, கந்தலாய்த் தோலுரிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிவிட்டு வந்த கோமுவைக் கேட்டில் நிறுத்தினார். கோமு ஓடத் தயாராக ஒரு காலைப் பின்னால் வைத்தாள்.

"நீதானம்மா அன்னிக்கிக் கூப்பிட்டது?"

"நானா? நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன்."

"சரி. இருந்துட்டுப் போ." கிழவர் எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். "இன்னொரு தடவை கூப்பிடேன்."

கோமு ஓடிப்போனாள். மறுநாள் பள்ளியில், தாடை நடுங்க, கண்ணை இடுக்கி, "இன்னொரு தடவை கூப்பிடேன்" என்று அவள் செய்துகாட்டியபோது பெஞ்சுக்குப் பெஞ்சு விழுந்து புரண்டார்கள். இரண்டு கிண்ணம் இருக்கிறது. இன்னும் இறக்க முடியாது.

ஆறு இடம் சுத்தம். முகம்தான் பாக்கி. அதற்குள் தாமான் விழித்துக்கொண்டது.

விழித்துக்கொண்டது என்றால், யாரும் போலீசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகவில்லை. அரிப்பு வந்த ஆறு பேரில் ஐந்து பேர் பஸ் ஏறி லிம் சின்சேயிடம் போனார்கள், பொட்டலம் வாங்கினார்கள், மூன்று கிண்ணத்தை ஒன்றாக்கிக் குடித்தார்கள், தலையில் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு கொக்கு மாதிரி நடந்துபோய் முச்சந்தியில் கொட்டினார்கள். பச்சைத் துண்டும் கொக்கு நடையும் மருந்தில் சேர்த்திதான் என்று எல்லோரும் நம்பினார்கள், கோமு மட்டும் சிரித்துச் சிரித்து விக்கினாள். தவனாவின் முழங்கை டீச்சரிடமிருந்து டீச்சரின் பக்கத்து வீட்டுக்குப் போனது, அங்கிருந்து கடைசி வரிசைக்குப் போனது. "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், "தவனாவோட முழங்கை இப்ப யாரு வீட்ல?" என்று கேட்டுக்கொண்டார்கள். தோரணத்தை யாரும் இரண்டு நாளுக்குமேல் வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வழியாகப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். முச்சந்தி காலியாகக் கிடந்தது. கடைசிப் பொட்டலத்தை மறுபடி மறுபடி காய்ச்சித் தவனா கொட்டிய கசடு மூன்று தடவையும் மிதிப்பாரில்லாமல் காய்ந்துபோனது.

செயலாளர் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். அறிவிப்புப் பலகையில் தன் கையாலேயே எழுதினார்: கசடு கொட்டும் நேரம் காலை பத்து முதல் பத்தரை வரை. அந்த நேரத்தில் தாமான்வாசிகள் முச்சந்தியில் நடமாடக் கூடாது. வெளியாட்களை எச்சரிப்பது அவரவர் விருப்பம்.

யாரும் விரும்பவில்லை. பத்து மணிக்குத்தான் எரிவாயு கொண்டுவருபவன் வருவான், பத்தேகாலுக்கு ரொட்டி பாய். "அவங்களுக்குத் தாமான் ரொம்பப் பெரிசு, ஊரெல்லாம் சுத்துறவங்க, எங்கயாச்சும் வுட்டுருவாங்க" என்று சமையல்காரம்மா சமாதானம் சொன்னார். கோமு மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் நின்று குழந்தைக் குரலில், "பாய்! காயா ரொட்டி!" என்று கூப்பிட, பாய் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சிரித்த முகமாக நடந்துவந்தார். ஜன்னல் திரைக்குப் பின்னால் நாற்பத்தெட்டு வீடும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பாய் சொறிந்துகொண்டே போனார். தாமானுக்கு ஒரு முழங்கை குறைந்தது. அப்பாடா, என்று எல்லோரும் ஒரு வாய் காப்பி குடித்தார்கள்.

கிழவர் சன்னாசி மட்டும் பொட்டலம் வாங்கவில்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டார். "என் மவன் கூப்பிட்டுக் கொடுத்தது, இருக்கட்டும்" என்றாராம். அதையும் கோமு பேசிக் காட்டினாள்.

தவனா ஒருநாள் சட்டியைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல், "சின்சே கடையில போனே கிடையாதாமே" என்றாள்.

"இப்பதான் கழட்டியிருப்பாரு" என்றாள் கோமு.

"இருக்கும்" என்றாள் தவனா.

எட்டாவது நாள் ரொட்டி பாய் திரும்பி வந்தார். மடையர் இல்லை; அவரும் லிம் சின்சேயிடம் போய்க் காய்ச்சிக் குடித்துவிட்டு, கசடை மாவு டின்னில் அடைத்துச் சூடாகக் கொண்டுவந்திருந்தார். முச்சந்தி நடுவில் கவிழ்த்தார். பிறகு ஓரமாகப் போய் ஹாரனை அடித்தார், கடைசியில் ஈனமாய் இறங்குகிற அதே ஹாரன். எட்டு நாளாக ரொட்டி காணாத தாமான், கூட்டமாவது அறிவிப்பாவது, காசை எடுத்துக்கொண்டு ஓடிவந்தது. மிதித்த கால் அத்தனைக்கும் முழுசு முழுசாக ஏறியது. ஒரு முழங்கையாகப் போனது இருபத்தாறு முழங்கையாகத் திரும்பியது. எரிவாயுக்காரனும் அதையே செய்தான். அதற்கப்புறம் ரொட்டி வரவில்லை, எரிவாயு வரவில்லை, தபால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று வீசப்பட்டது. மாதம் முடிவதற்குள் நாற்பத்தெட்டு வீட்டிலும் சொறிகிற சத்தம், மத்தியான நேரத்தில் கேட்டால் தாமானே ஒரு பெரிய கூட்டைக் கழற்றப் பார்க்கிற மாதிரி இருக்கும். கோமுவுக்கு மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. முச்சந்தியில் எங்கே கால் வைக்க வேண்டும், எப்போது தாண்ட வேண்டும் என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்?

செயலாளர் சின்சேயிடமே போய்க் கேட்டார். சின்சே தராசைக் கீழே வைத்தார். "மருந்து நோயை வெளிய எடுக்கும். எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு அதுக்குத் தெரியாது. அது நீங்க பாத்துக்கிறது. நான் குப்பையில போடுன்னுதானே சொன்னேன்?"

ஒன்றரைக் கிண்ணம். வாசனை வர ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது கூட்டத்துக்குக் கோமுவையும் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். செயலாளர் மூன்று தடவை செருமினார்.

"எல்லா வீட்டு மருந்தையும் ஒன்னா, கோயில் அண்டாவுலயே காய்ச்சிடுவோம். எல்லாரும் ஒரே நேரத்துல ஒரு கிண்ணம். கசடு மொத்தமும் ஒரே கொட்டு. ஒரே ஆள் மிதிச்சா தாமானுக்கே விமோசனம்."

"யாரு மிதிப்பா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"பார்சல் கொண்டாற புதுப் பையன். நாளைக்கு நாலு மணிக்கு வரான், இந்த ஊரைப் பத்தி ஒன்னும் தெரியாது." செயலாளர் கோமுவைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சிரித்தார். "ஆனா அவனை நடுவுல கொண்டாந்து நிறுத்தணும். அதுக்குக் கோமுவை வுட்டா இந்தத் தாமான்ல யாரு இருக்கா? ஏம்மா, செய்வியா?"

கைதட்டினார்கள். ரோஸ்மேரி டீச்சர் கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினார். சொறிகிற கைகளால் தட்டியதால் சத்தம் கொஞ்சம் ஈரமாக இருந்தது. கோமு எழுந்து நின்று செயலாளர் மாதிரியே மூன்று தடவை செருமிவிட்டு, "செஞ்சிடுவோம்" என்றாள். மண்டபம் சிரித்தது, ஆனால் அளவாக, எதையோ மிச்சம் பிடித்து வைத்துக்கொள்கிற மாதிரி.

"அக்காவோட மொகமும் போயிடுமில்ல?" என்று கேட்டாள்.

"முதல் கிண்ணமே தவனாவுக்குத்தான்" என்றார் செயலாளர்.

மறுநாள் மூன்று மணிக்கு அண்டா கொதித்தது. பொங்கல் வைக்கிற அதே அண்டா. ஆலமரத்தடிக் கற்களின் மேல், நாற்பத்தெட்டு வீட்டுப் பட்டையும் வேரும் அதிமதுரமும் உருண்டு புரள, மேலே ஆயிரம் சில்வண்டுக் கூடு மிதந்தது. வரிசையில் நின்று கிண்ணம் நீட்டிக் குடித்து முகத்தைச் சுளித்தார்கள். தவனா முதலில் குடித்தாள். நாலு ஆண்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு, தலையில் பச்சைத் துண்டோடு, முழங்காலைத் தூக்கித் தூக்கி நடந்துபோய்க் கொட்டினார்கள். முச்சந்தி முழுக்கக் கறுப்பாக ஆவி பறந்தது. பிறகு அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கிழவர் சன்னாசி மட்டும் வழக்கம்போலக் கேட்டில் உட்கார்ந்திருந்தார்.

கோமு மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் தயாராக நின்றாள். பார்சல் பையனுக்கு எந்தக் குரல் என்று யோசித்து, தாய்க்குரல்தான் யாரையும் இழுக்கும், ஆனால் அவன் தாயை எனக்குத் தெரியாதே, சரி, தவறி விழுந்த குழந்தை மாதிரி அழுவோம் என்று முடிவுசெய்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். நாலு மணி. மோட்டார் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மைனாக்கள் கூட வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் கணக்கு ஓடியது: ஏழாவது இடம், முகம், இன்றைக்கு முகம், முகம் போனால்.

"ச்சு."

முச்சந்திக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவள் வீட்டு வாசலிலிருந்து வந்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற சத்தம். கோழிக்குஞ்சைக் கூப்பிடுகிற மாதிரி.

"ச்சு, கோமும்மா. பசியாறிட்டியாடா? வா, அம்மா வந்துட்டேன்."

எட்டு வருஷமாகத் தேடியும் தொண்டையில் அகப்படாத குரல். கேட்ட கணத்தில் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது; அந்த ச்சு, அந்த டா, குரலின் அடியில் இருக்கிற சின்னக் கரகரப்பு, தலையில் எண்ணெய் வைக்கும்போது காதுக்குப் பக்கத்தில் கேட்பது. அக்காவின் முகம் சுத்தமாகிவிட்டது, சொன்ன மாதிரியே வந்துவிட்டாள், வேறென்ன? கோமு ஓடினாள். சிலிப்பர் ஒன்று மின்சாரப் பெட்டியோரத்திலும் ஒன்று நடுச்சாலையிலும் விழ, "ம்மா! ம்மா!" என்று அவளுடைய சொந்தக் குரலில், தாமானில் யாரும் இதுவரை கேட்டிராத குரலில் கத்திக்கொண்டு ஓடினாள்.

"ஓடாதம்மா" என்று கிழவர் கேட்டிலிருந்து சொன்னார். யாருக்குக் கேட்டது?

வீட்டு வாசலில் தவனா மட்டும் நின்றிருந்தாள். கன்னம் இரண்டும் துடைத்த தட்டு மாதிரி பளபளத்தன.

"அம்மா எங்கக்கா?"

அப்போதுதான் அது வற்றியது. ஒரு கிண்ணம். முதலில் செயலாளர் வீட்டு ஜன்னல் திறந்தது, பிறகு டீச்சர் வீட்டுக் கதவு, பிறகு எல்லாக் கதவும், எல்லா ஜன்னலும்; மூக்கால் சிரித்தார்கள், செருமிச் செருமிச் சிரித்தார்கள், சொறிய வேண்டியில்லாத கைகளைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள், நாய் கூட முனகிற்று. மைனாக்கள் கொத்தாக எழுந்து வாய்க்காலைத் தாண்டிப் போயின. கோமு எந்தச் சிரிப்பையும் தவறவிட்டவள் இல்லை. பார்சல் பையன் மாட்டிக்கொண்டான், நான் கூப்பிடாமலேயே மாட்டிக்கொண்டான் என்று நினைத்து அவளும் சிரித்தாள். எல்லோரையும்விடச் சத்தமாக, தவனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பி, எங்கே அந்தப் பையன் என்று முச்சந்தியைப் பார்த்தாள்.

முச்சந்தியில் அவளுடைய சிலிப்பர் ஒன்று மட்டும் கிடந்தது.

உள்ளங்காலில் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் வெதுவெதுப்பாய்க் கறுப்பு, அதில் சில்வண்டுக் கூடு ஒன்று, கால் நகம் முதல் கண் முட்டை வரை அப்படியே, உள்ளே யாருமில்லாமல், அவள் கட்டை விரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. அரிப்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது, ஏழு இடம் அல்ல, நாற்பத்தெட்டு வீட்டு இடமும்.

சிரிப்பு அவள் வாயிலேயே நின்றது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"யாருக்கா கூப்பிட்டது?"

அம்மா போகும்போது தவனாவுக்குப் பதினாலு வயது. கோமுவைவிட ஆறு வருஷம் கூடுதலாகக் கேட்டவள். உதட்டைக் குவித்தாள்.

"ச்சு" என்றாள்.

கோமுவுக்குப் புரிந்தது. வாயைத் திறந்தாள். டீச்சர் குரல், செயலாளர் குரல், பாயின் ஹாரன், எதுவும் வரவில்லை. தொண்டைக்குள் குடியிருந்த தாமான் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. தாடை தானாக நடுங்கியது. ஒரே ஒரு குரல்தான் வந்தது, அதுவும் கிழவர் சன்னாசியின் குரல் மாதிரியே இருந்ததால், இந்த நிலைமையிலும் பாரேன், பேசிக் காட்டுகிறாள் என்று நாற்பத்தெட்டு வீடும் இன்னொரு தரம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இன்னொரு தடவை கூப்பிடேன்."